உறங்கும் ஈரோஸும் உருவிலாக் காமனும்: ஒரு கிரேக்கச் சிற்பத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

முன்னுரை

அண்மையில் ஜோர்ஜ்டவுனில் தமிழாசிரியர்களுக்கென நடைபெற்ற பயிலரங்கு ஒன்றில், தொன்மங்களை ஒப்பியல் நோக்கில் கற்பித்தல் குறித்து உரையாற்றும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. உரையின் இடையே கிரேக்கர்தம் காதற் கடவுளாகிய ஈரோஸின் பழஞ்சிற்பம் ஒன்றன் படம் திரையில் காட்டப்பெற்றது. சிறகு முளைத்த குழந்தையொன்று பாறையின் மேல் அயர்ந்து உறங்கும் கோலம் அது. அதனைக் கண்ட ஆசிரியர் ஒருவர், “இது நம் மன்மதனைப் பார்த்துச் செய்ததுதானே?” என்று வினவினார். அவர் அருகில் அமர்ந்திருந்த மற்றோர் ஆசிரியர், “இல்லை, கிரேக்கர்கள் கொண்டு வந்ததைத்தான் நாம் மன்மதன் ஆக்கிக்கொண்டோம்” என்று மறுத்தார். அவையினர் இரு கட்சியாகப் பிரிந்தனர்.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றற்கொன்று முரணானவை. ஆயினும் இரண்டும் நிற்கும் அடித்தளம் ஒன்றே. ஈரோஸிடம் வில் உண்டு, அம்பு உண்டு; மன்மதனிடமும் அவை உண்டு; ஆகவே ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றிருத்தல் வேண்டும் என்பதே அந்த அடித்தளம். இது போதிய சான்றாகுமா? சிற்பம் பேசுவது என்ன, இலக்கியம் பேசுவது என்ன, அகழாய்வு பேசுவது என்ன என்று தனித்தனியே பிரித்து நோக்கி விடை காண முற்படுகின்றது இக்கட்டுரை.

கிரேக்க மரபில் ஈரோஸ்

ஈரோஸ் தொடக்கத்தில் குழந்தையாக இருந்தவர் அல்லர். கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியட் என்னும் புலவர், உலகத் தோற்றத்தைக் கூறும் தம் ‘தியோகனி’ நூலில், வெறுமைக்கும் நிலமகளுக்கும் அடுத்துத் தோன்றிய முதற்பொருள்களுள் ஒன்றாக ஈரோஸை வைக்கின்றார். அங்கே அவர் பெற்றோர் அற்றவர். படைப்பை இயக்கும் விழைவாற்றல். பின்னைய மரபிலேயே அவர் அழகுத் தெய்வமாகிய அப்ரோடைட்டியின் மகனாகின்றார். கி.மு. 5ஆம் நூற்றாண்டு நாடகாசிரியராகிய யூரிப்பிடிஸின் படைப்புகளில் அவர் வில்லேந்திய தெய்வமாகக் காட்சி தருகின்றார். அக்காலத்துச் சாடி ஓவியங்களில் அவர் சிறகுடைய மெல்லிய இளைஞர்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் தலைசிறந்த சிற்பிகள் இருவர் ஈரோஸை வடித்தனர். அவருக்கெனத் தொன்மையான வழிபாடு நிலவிய தெஸ்பியாய் என்னும் ஊரில் பிராக்சிட்டலிஸ் செய்த பளிங்குச் சிற்பமும், லிசிப்பஸ் செய்த வெண்கலச் சிற்பமும் இருந்தன. பிராக்சிட்டலிஸின் சிற்பத்தை ரோமப் பேரரசர் காலிகுலா எடுத்துச் சென்றார். கிளாடியஸ் அதனைத் திருப்பி அளித்தார். நீரோ மீண்டும் கவர்ந்து சென்றார். இறுதியில் அது ரோமில் தீக்கு இரையாயிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி வந்த பௌசேனியஸ் இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். வில்லுக்கு நாணேற்றும் இளஞ்சிறுவனாக ஈரோஸைக் காட்டும் சிற்பம் லிசிப்பஸின் படைப்பெனக் கருதப்படுகின்றது. அதன் மூலம் கிடைத்திலது. ரோமானியர் செய்த பளிங்குப் படிகளே இன்று எஞ்சியுள்ளன.

அலெக்சாந்தருக்குப் பிந்திய காலத்தில் ஈரோஸின் அகவை மேலும் குறைகின்றது. இளைஞர் சிறுவராகிப் பின் குழந்தையாகின்றார். பயிலரங்கில் காட்டப்பெற்ற சிற்பம் இக்கட்டத்தைச் சார்ந்தது. நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 1943இல் பெற்ற இவ்வெண்கலச் சிற்பம், ரோட்ஸ் தீவிலிருந்து கிடைத்ததாகச் சொல்லப்படுகின்றது. இது கி.மு. 3 அல்லது 2ஆம் நூற்றாண்டினது என அவ்வருங்காட்சியகம் காலம் கணித்துள்ளது. குழந்தையின் கொழுத்த உடல் தளர்ந்து கிடக்கின்றது. ஒரு கை மார்பின் குறுக்கே விழுந்திருக்கின்றது. இதழ்கள் சற்றே திறந்துள்ளன. கையில் வில் இல்லை. தேவரையும் மாந்தரையும் ஒருங்கே அலைக்கழிக்கும் ஆற்றல், சற்று நேரம் ஓய்ந்திருக்கின்றது என்பதே சிற்பி சொல்லும் செய்தி. குழந்தை விழித்தெழுந்தால் என்னாகும் என்பதைக் காண்போர் அறிவர். சிற்பத்தின் மென்மைக்குள் அந்த அச்சமும் உறைந்துள்ளது.

கீழ்த்திசை வந்த உருவம்

இத்தகைய ஈரோஸ் உருவம் இந்தியாவிற்கு வந்ததா என்றால், வந்தது என்பதே விடை. அலெக்சாந்தரின் படையெடுப்பிற்குப் பின் (கி.மு. 327 - 325) வடமேற்கில் கிரேக்க அரசுகள் தோன்றின. அந்நிலப்பகுதியில் பின்னர் வளர்ந்த காந்தாரக் கலையில், ஆடையற்ற குழந்தைகள் நீண்ட மலர்மாலையைத் தோளிற் சுமந்து செல்லும் வரிசைகள் தூபிகளை அணிசெய்கின்றன. ஈரோஸ் குழந்தைகளை மாலை சுமப்போராகக் காட்டும் கிரேக்க, ரோமானிய அலங்கார மரபின் தொடர்ச்சியே இது.

ஈண்டு ஒரு செய்தி நோக்கற்பாலது. பௌத்த மரபில் மாரன் புத்தரின் தவத்தைக் கலைக்க முயன்று தோற்றவன். அசுவகோசர் தம் ‘புத்த சரிதம்’ என்னும் காவியத்தில், மலர்க்கணை ஏந்திய காமதேவனையே மாரன் எனக் குறிக்கின்றார். அவ்வாறாயின், காதற் கடவுளை வென்றவருக்கு எழுப்பிய தூபியை, அயல்நாட்டுக் காதற் கடவுளின் குழந்தை உருவங்கள் மாலை சுமந்து அணிசெய்கின்றன. காந்தாரச் சிற்பிக்கு இதில் முரண் எதுவும் தோன்றியிருக்காது. அவர் கடன் பெற்றது ஓர் அலங்கார உருவத்தையே. அதன் சமயப் பொருளை அன்று. தெற்கே அமராவதியின் சுற்றுவேலி மேற்கற்களிலும் மாலை சுமப்போர் வரிசை உண்டு. அங்கே அவ்வுருவங்கள் இந்திய மாந்தராகவும் குறள்வடிவக் கணங்களாகவும் மாறிவிட்டன. ஈரோஸ் இருந்த சுவடே இல்லை. மாலை மட்டும் எஞ்சியது.

இனி, கடல்வழி வந்த ஈரோஸைக் காண்போம். புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அமைந்த அரிக்கமேடு, ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் குறிக்கும் பொதுகே துறைமுகம் எனப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்வர். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் அங்குக் கிடைத்த பொருள்களின் சிறப்பை உணர்த்தினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நிகழ்த்தினார். மதுச்சாடிகளும் இத்தாலியச் செம்மட்கலங்களும் கிடைத்த அவ்விடத்தில், உருவம் குழிவாகச் செதுக்கப்பெற்ற மணிக்கற்களும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று படிகக்கல். அதில் செதுக்கப்பெற்றிருப்பது ரோமானியர் கியூபிட் என வழங்கிய ஈரோஸும் ஒரு பறவையும். முழுமையாகச் செப்பனிடப்பெறாத நிலையில் அக்கல் இருந்தமை, மேனாட்டு மணிவினைஞர் இங்கேயே தங்கித் தொழில் செய்திருக்கலாம் என்னும் ஐயத்திற்கும் இடமளித்தது.

நியூயார்க்கில் உறங்கும் குழந்தையின் இனத்தவர் ஒருவர், ஒரு சிறு கல்லின் பரப்பில் அடங்கித் தமிழகக் கடற்கரைக்கு வந்திருந்தார் என்பது உறுதி. முன்னர்க் கூறிய இரண்டாம் ஆசிரியர் இதனை அறிந்திருப்பின் தம் கட்சிக்குச் சான்றாகக் கொண்டிருப்பார். ஆயினும் கல் வந்தது என்பதால் கருத்தும் வந்தது எனக் கொள்ள முடியுமா?

மலாய்த் தீபகற்பத்தின் சான்று

இவ்வினாவிற்கு விடை காண, நாம் வாழும் கடற்கரையே துணைபுரிகின்றது. பினாங்கிற்கு வடக்கே அதே மேற்குக் கரையில், தென்தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், கிலோங் தோம் பகுதியிலுள்ள குவான் லுக் பாட் என்னுமிடம் பழங்கால மணித்தொழில் நிகழ்ந்த ஊராகும். அங்கு ரோமானியப் பாணியில் உருவம் செதுக்கிய சூதுபவளக் கற்கள் கிடைத்துள்ளன. அவற்றோடு, தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ எனப் பொறித்த சிறு உரைகல் ஒன்றும் கிடைத்துள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் இவ்வுரைகல், தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவர் அங்குத் தொழில் செய்தமைக்குச் சான்று. பட்டினப்பாலை குறிக்கும் ‘காழகம்’ என்பதற்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கண்டதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

தமிழ்ப் பொற்கொல்லரும் மேலைநாட்டுத் தெய்வ உருவங்களும் ஒரே கடல்வழியில் இயங்கியமை இதனால் விளங்கும். ஆயினும் ரோமானியர் கைவிரலில் முத்திரை மோதிரமாக அணிந்த இவ்வகைக் கற்கள், தென்கிழக்காசியாவில் பெரிதும் அணிகலனாகவே மதிக்கப்பெற்றன. அவற்றை அணிந்தோர் கிரேக்கத் தெய்வங்களை வழிபட்டதற்குச் சான்றில்லை. காந்தாரத்திலும் அமராவதியிலும் கண்டதே இங்கும் காணப்படுகின்றது. உருவம் எளிதில் கடல் கடக்கும். அதனைத் தோற்றுவித்த கருத்து அதனோடு கலமேறி வருவதில்லை.

வில்லின் தொன்மை

இனி, இரு தெய்வங்களுக்கும் பொதுவாகிய வில்லும் அம்பும் பற்றிக் காண்போம். காமனின் அம்பு இதயத்தைத் துளைக்க வேண்டும் என வேண்டும் பாடல் அதர்வ வேதத்தின் மூன்றாம் காண்டத்தில் உள்ளது. இது அலெக்சாந்தர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. மதுரா அருங்காட்சியகத்திலுள்ள, ஏறத்தாழக் கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சுடுமண் பலகை ஒன்றில், காமன் கரும்பு வில்லும் மலரம்புகளும் ஏந்திய வளர்ந்த ஆடவனாக நிற்கின்றான், சிறகு இல்லை, குழந்தைமை இல்லை. எனவே கிரேக்கரிடமிருந்து காமன் வந்தான் என்பது காலக் கணக்கில் நிற்பதில்லை. மறுதலையாக, வேதகாலக் காமனைக் கிரேக்கர் அறிந்திருந்தனர் என்பதற்கும் சான்று இல்லை.

உள்ளத்தைத் திடுமெனத் தாக்கி, எய்தவர் யாரெனக் காட்டாது வலியை மட்டும் தருவது காதல். அதனை அம்பென உருவகித்தல் எந்த மொழியினர்க்கும் இயல்பாக வாய்க்கக்கூடியது. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் படைப்புப் பாடலிலும் காமம் மனத்தின் முதல் வித்தாக ஆதியில் தோன்றியதெனக் கூறப்படுகின்றது. ஹெசியடின் கூற்றோடு இது வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றது. எனினும் ஒப்புமை வேறு; கடன் வேறு.

தமிழ் மரபில் காமவேள்

வேறுபாடுகளைக் காணும்போதே ஒவ்வொரு மரபின் தனித்தன்மையும் புலப்படும். தமிழின் தொன்மையான அகமரபில் காதலைத் தூண்டும் வில்லாளித் தெய்வத்திற்கு இடமில்லை. தொல்காப்பியம் நிலங்களுக்குரிய தெய்வங்களைக் கூறுமிடத்துக் காமனைக் கூறவில்லை. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுதலைப் ‘பால்’ எனப்படும் ஊழின் ஆணையாகவே களவியல் கொள்கின்றது. தலைவியின் மெலிவிற்குக் காரணம் அறியாத தாய், அது முருகனால் வந்ததெனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். காரணம் தெய்வமன்று, தலைவனே என்பதைத் தோழி அறிவாள். பாடலைப் படிப்போரும் அறிவர். காதலைப் புறத்தே நிற்கும் ஒரு தெய்வத்தின் செயலாகக் கொள்ளும் போக்கையே இப்பாடல்கள் நயமாக மறுக்கின்றன எனலாம்.

காமன் தமிழில் விளங்கத் தெரிவது கலித்தொகை, பரிபாடல் முதலாய நூல்களிலேயே. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர் இவள் இரதி, இவன் காமன் எனச் சுட்டிக் காட்டி விளக்கும் காட்சியைத் தருகின்றது. அவன் துணைவியோடு இருக்கின்றான் என்பது கருதத்தக்கது. ஈரோஸ் தாயின் மகன். காமன் இரதியின் கணவன். முன்னவர் விளையாட்டுப் பிள்ளை, பின்னவன் இல்லறத்தான். ஈரோஸுக்கும் சைக்கிக்கும் நிகழ்ந்த காதல் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் எழுதிய இலத்தீன் நூலிலேயே முழுக்கதையாகக் கிடைக்கின்றது.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் காமவேள் கோட்டம் இருந்தது. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் பிரிந்த கணவனை அடையலாம் எனத் தேவந்தி அறிவுறுத்துகின்றாள். அது பெருமை தருவதன்று என மறுத்துவிடுகின்றாள் கண்ணகி. தெய்வத்தை வேண்டிப் பெறும் அன்பு அவளுக்கு அன்பாகத் தோன்றவில்லை. பிற்காலத்தே ஆண்டாள், கண்ணனோடு தன்னைச் சேர்க்குமாறு அநங்கனை நோன்பிருந்து வேண்டுகின்றாள். நாச்சியார் திருமொழி அவ்வேண்டுதலோடுதான் தொடங்குகின்றது. கண்ணகியின் மறுப்பும் ஆண்டாளின் வேண்டுதலும் ஆகிய இரண்டு குரல்களுக்கும் தமிழ் இடமளித்துள்ளது. யவனர் இருக்கைகளும் காமவேள் கோட்டமும் ஒருங்கே அமைந்த புகாரைப் பாடும் சிலப்பதிகாரம், இவ்விரண்டையும் தொடர்புபடுத்தவே இல்லை என்பதும் கருதத்தக்கது.

உறக்கமும் எரிவும்

இரு மரபுகளும் முற்றிலும் பிரியும் இடம் ஒன்றுண்டு. காதலின் ஆற்றல் அடங்குவதை எவ்வாறு காட்டுவது என்னும் வினாவிற்குக் கிரேக்கச் சிற்பி கண்ட விடை உறக்கம். நம் மரபு கண்ட விடை எரிவு. சிவபெருமானின் நெற்றிக்கண் தீயில் காமன் சாம்பலானான். இரதியின் வேண்டுகோளால் உயிர் பெற்றும், பிறர் காண உருவமற்றவனாக ஆனான். அநங்கன் என்னும் பெயருக்கு உடலற்றவன் என்பதே பொருள். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, அட்ட வீரட்டத் தலங்களுள் காமனை எரித்த தலமாகப் போற்றப்படுகின்றது.

உருவமற்ற தெய்வத்திற்கு உருவம் சமைக்கும் இடர்ப்பாட்டைத் தமிழ்ச் சிற்பிகள் இரு வகையில் எதிர்கொண்டனர். எரிவதற்கு முந்திய அழகனைக் கல்லில் வடித்தல் ஒரு வகை. நாயக்கர் காலக் கோயில்களான கிருட்டிணாபுரம், தாடிக்கொம்பு ஆகியவற்றின் தூண்களில் கரும்பு வில்லோடு மன்மதனும் அவனுக்கு இணையாக இரதியும் நிற்பதைக் காணலாம். மற்றொரு வகை, நிலைத்த சிற்பத்தையே தவிர்ப்பது. மாசித் திங்களில் ஊர் நடுவே காமனுக்குக் கம்பம் நட்டு, நாள்தோறும் கதை நிகழ்த்தி, முழுநிலவு நாளில் எரிக்கும் காமன் பண்டிகை தமிழக ஊர்களில் வழங்கி வருகின்றது. தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்த தமிழர் அதனை இலங்கை மலையகத்திற்கும் எடுத்துச் சென்றனர்; காமன் கூத்து இன்றும் அம்மக்களின் அடையாளமாகத் திகழ்கின்றது. ஆண்டுதோறும் செய்து ஆண்டுதோறும் எரிக்கும் அவ்வுருவம் எந்த அருங்காட்சியகத்திலும் இடம்பெற இயலாது. எனினும் வெண்கலத்தினும் நெடிது வாழும் ஆற்றல் அதற்கு உண்டு.

தஞ்சைப் பகுதியின் லாவணிக் கலைஞர்கள், காமன் எரிந்தானா எரியவில்லையா என்பதனையே பொருளாகக் கொண்டு எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடிய விடிய வாதிட்டனர். பயிலரங்கில் இரு கட்சியாகப் பிரிந்த ஆசிரியர்களைக் கண்டபோது இக்கட்டுரையாளருக்கு அந்த லாவணியே நினைவிற்கு வந்தது. வேறுபாடு யாதெனில், லாவணிக் கலைஞர் தம் கட்சிக்குக் கதையிலிருந்தும் நூலிலிருந்தும் சான்று காட்டியாக வேண்டும்.

வகுப்பறையில் ஒப்பீடு

இங்கு ஒன்றனை ஒளிக்காமல் கூறுதல் தகும். முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் பயின்ற காலத்தில், இக்கட்டுரையாளரும் ஒரு கருத்தரங்கில், ஈரோஸ் நம் காமனின் நிழலே என எழுந்து முழங்கியதுண்டு. நெறியாளர் சினக்கவில்லை, நகைக்கவும் இல்லை. “இரண்டனுள் எது முந்தியது? இடையில் யார் கொண்டு சென்றார்? வழியில் ஒரு தடயமாவது உண்டா?” என மூன்று வினாக்களை மட்டும் எழுப்பினார். மூன்றனுக்கும் விடையில்லை. தமிழின் பெருமையை நிலைநாட்டுவதாக எண்ணிப் பேசியது, அவையில் தமிழாய்வின் மீதே ஐயம் எழக் காரணமாயிற்று. அந்த நாணம் இன்றும் நீங்கவில்லை.

நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பல்லினச் சூழலில் வளர்பவர்கள். ‘உலகம் எல்லாம் நம்மிடமிருந்தே பெற்றது’ என்னும் கூற்றை நம்பி வெளியே செல்லும் மாணவர், முதல் எதிர்வினாவிலேயே நிலைகுலைவர். ‘நமக்குரியது எதுவும் இல்லை, யாவும் வந்தவையே’ என்னும் கூற்றும் அவருக்கு இழைக்கும் தீங்கு குறைந்ததன்று. எனவே தொன்மங்களை ஒப்பிடும்போது காலம், வழி, தடயம் என்னும் மூன்றையும் மாணவரே வினவிப் பழகும்படி செய்தல் நலம். உறங்கும் ஈரோஸின் படத்தையும் கிருட்டிணாபுரத்து மன்மதன் படத்தையும் அருகருகே வைத்து, ஒத்திருப்பன எவை, வேறுபடுவன எவை எனப் பட்டியலிடச் செய்யலாம். வேறுபாடுகளின் பட்டியலே நீளும். ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் ஏன் என்று கேட்கத் தொடங்கும் மாணவர், கலித்தொகைக்கும் சிலப்பதிகாரத்திற்கும் தாமே வந்து சேர்வர்.

முடிவுரை

ஈரோஸும் காமனும் வெவ்வேறு மண்ணில் தோன்றி, காதலின் ஆற்றலை அம்பென உணர்ந்த இரு தனி மரபுகளின் படைப்புகள். கடல் வாணிகம் ஈரோஸின் உருவத்தை அரிக்கமேடு வரை கொண்டு வந்தது. அவ்வுருவம் தமிழ்க் காமனை உருவாக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஒரே துறைமுகச் சூழலில் இரு தெய்வங்களும் ஒருவரையொருவர் அறியாதே இருந்துள்ளனர். இம்முடிவு இரு கட்சியினர்க்கும் நிறைவளிக்காது போகலாம். ஆயினும் கண்ணகியின் மறுப்பும், ஆண்டாளின் வேண்டுதலும், மலையகத் தொழிலாளர் ஆண்டுதோறும் நட்டு எரிக்கும் கம்பமும் எவரிடமிருந்தும் கடன் பெற்றவை அல்ல. அவற்றின் பெருமையை நிலைநாட்ட, உறங்கும் அக்குழந்தையை நம் வழித்தோன்றலாக உரிமை கொண்டாட வேண்டிய தேவை நமக்கு இல்லை.